இருபத்து மூன்று பேருக்கு நாலு விண்டோ

"தம்பி, இது என் கணக்கு நம்பர் இல்ல. எனக்கு முந்தின ஆளு நாகநாதனோடது" என்றார் வைத்தியலிங்கம். "முளைக்கிறது என் நெல்லு, பணம் மட்டும் அவனுக்கா?"

ரெமிஜியஸ் அவசரமாக அழித்தான். சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்கு அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள். போன வருஷம் அறுப்புக்கு நின்ற நெல் மழையில் முளைத்ததைப் பார்த்த இருபத்து மூன்று பேர் அவன் கம்ப்யூட்டர் கடையை நம்பி வந்திருந்தார்கள். வரிசையில் செருப்பு, உரச்சாக்கு, செங்கல். ஆட்கள் எல்லாம் புங்கமரத்து நிழலில்.

"எவன்டா என் செங்கல்லைத் தள்ளுனது? வைத்தியலிங்கத்துக்கு அடுத்த ஆளு நான்" என்று குத்தகைக்காரி காத்தாயி கத்தினாள்.

ஒவ்வொருவருக்கும் விண்ணப்பம், வயலின் பயிர்ப்பதிவான அடங்கல், ஆதார், பாஸ்புக் என்று நாலு விண்டோ. ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றதில்தான் கணக்கு நம்பர் மாறிப்போனது.

"விண்டோ மேனேஜரை மாத்தினா சரியாயிரும்" என்றான் மனைவி லின்சியிடம். திரையில் எந்த விண்டோ எங்கே நிற்பது என்று தீர்மானிக்கிற மென்பொருள் அது. அவன் போட்டிருந்த லினக்ஸில் எதையும் இஷ்டப்படி மாற்றலாம். அதுதான் வினை.

"இன்னைக்கா?"

"பத்து நிமிஷம்."

முதலில் போட்டது நாலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது. நாலும் புடலங்காய் அகலம். ஆதாரில் வைத்தியலிங்கத்தின் மூக்கு மட்டும் தெரிந்தது.

"மூக்குக்கு மட்டும்தான் இன்சூரன்ஸா தம்பி?"

அடுத்தது ஒவ்வொன்றையும் திரை முழுக்க விரித்தது. அடங்கலைப் பார்த்துவிட்டு விண்ணப்பத்துக்கு வருவதற்குள் சர்வே நம்பர் மறந்தது.

மூன்றாவதுக்கு மவுஸே ஆகாது. கீபோர்டில் இரண்டு கட்டையைச் சேர்த்து அமுக்கினால் விண்டோக்கள் இடம் மாறும். எந்த இரண்டு என்று சொல்லும் பக்கம், ஏதோ ஒரு விண்டோவுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

மணி பன்னிரண்டரை.

"நாத்தைப் பறிச்சுப் போட்டுட்டு இப்பத்தான் வயலைத் தேடுறீங்க" என்றாள் லின்சி. "எல்லாரையும் நீடாமங்கலம் இ-சேவை மையத்துக்கு அனுப்பிடவா?"

"ரயில்வே கேட்டுல மாட்டினா அஞ்சு மணிக்கும் இந்தப் பக்கம்தான் நிப்பாங்க."

கடைசியாகப் பத்து விரலையும் கீபோர்டில் வைத்து அமுக்கிப் பார்த்தான். ஒன்றும் நகரவில்லை. வெறுத்துப்போய் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனான். லின்சி பேப்பர் எடுக்க உள்ளே போனாள்.

அவன் திரும்பியபோது காத்தாயி மேசையோரம் நின்று வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். ரெமிஜியஸ் பார்த்தது திரையை மட்டும்தான். இடது பாதி முழுக்க விண்ணப்பம். வலது பாதியில் மற்ற மூன்றும், வரப்பு போட்டுப் பிரித்த மாதிரி, ஒன்றின் கீழ் ஒன்று.

"லின்சி! வந்து பாரு! நான் அமுக்கினது இப்பத்தான் வேலை செஞ்சிருக்கு!"

அதன்பிறகு அவன் விரல்களைப் பிடிக்க முடியவில்லை. கண் வலது பக்கம், கை இடது பக்கம். வைத்தியலிங்கம் முடிந்தார், காத்தாயி முடிந்தாள், வரிசைச் சாக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. நாலு ஐம்பத்திரண்டுக்கு இருபத்து மூன்றாவது ரசீது வந்து விழுந்தது. நாகநாதன் துண்டைச் சுழற்றி விசிலடித்தார்.

"ஒத்துக்கிறேங்க" என்றாள் லின்சி. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இது முதல் தடவை.

ரெமிஜியஸ் நாற்காலியில் சாய்ந்து நாகநாதனைப் பார்த்தான். "நம்ம வேலைக்கு எது பொருந்தும்னு கண்டுபிடிக்கிறதுக்குத் தனி மூளை வேணும் அண்ணே. சும்மா வந்திராது."

எல்லோரும் தலையாட்டினார்கள். காத்தாயி ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"தம்பி, நாளைக்குப் பென்சனுக்கு எழுதணும், மொத ஆளு நான்தான். வெளிய செங்கல்லு வச்சா தள்ளிடுறானுங்க. இன்னைக்கு நீங்க டீ குடிக்கப் போனப்ப இடம் புடிச்சேன்ல, அதே மாதிரி இந்த எழுத்துக் கட்டை மேலயே பையை வச்சிட்டுப் போகட்டுமா?"