கறுப்பு காரும் நான் வரவழைத்த நிபுணரும்

அன்புக்கும் அதைவிட நம்பிக்கைக்கும் உரிய மருமகனுக்கு, உன் அம்மாவின் ஒரே தம்பியும் உன் காரின் தற்காலிகக் காப்பாளருமான மாமா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அத்தை நலம், உன் கார் இப்போது நலம். உன் நலத்தைப் பற்றி விரிவாக விசாரிக்க ஆசைதான், ஆனால் விஷயம் நிறைய இருப்பதால் நீ நலமாக இருப்பதாகவே வைத்துக்கொண்டு மேலே போகிறேன். ஒன்றே ஒன்று, கடிதத்தைக் கடைசி வரைக்கும் படி. பாதியில் நிறுத்திவிட்டு போன் பண்ணாதே.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். வேலை விஷயமாக வெளியூர் போகிற அவசரத்தில் நீ சாவியை என் கையில் வைத்தாயே, அப்போதே வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "கறுப்பு கலரு. இதுல கீறல் விழும். அப்புறம் போகும்" என்று சொன்னேன். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் காதில் விழுந்திருக்காது. உன் அப்பா என்ன சொன்னார் என்பது மட்டும் உன் காதில் நன்றாக விழுந்தது. "இவன்கிட்டயா கொடுக்கறே? என் தண்ணி மோட்டாரை ரிப்பேர் பண்றேன்னு வாங்கிட்டுப் போனான், இன்னைக்கு வரைக்கும் அது காத்தைத்தான் மேல ஏத்துது" என்றார். நீதான் பெரிய மனது பண்ணி, "திரும்பி வர்றப்ப வண்டி இப்படியே இருந்தா அடுத்த தடவையும் மாமாகிட்டயே விடறேன்பா, இல்லேன்னா உங்க ஷெட்டுல போட்டுக்கலாம்" என்றாய். மருமகனே, அந்த மோட்டாருக்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் யாரும் என்னை நம்பி ஒரு குடையைக்கூடக் கொடுத்ததில்லை. ஆகவே சாவியைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். உன் அத்தையை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு, "இந்த வண்டி மேல உன் கை படக் கூடாது, இது நுட்பமான வேலை" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவள் "சரி" என்றாள். அவளிடம் இரண்டு வகை "சரி" உண்டு. இது இரண்டாவது வகை.

மறுநாளிலிருந்து காலையில் எழுந்ததும் உன் வண்டியைத் துடைப்பதுதான் என் முதல் வேலை. தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் படவிடவில்லை, தண்ணீர் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்பது சின்ன வகுப்புப் பாடம், அதுவரைக்கும் நான் படித்திருக்கிறேன். என் குளியல் துண்டையே எடுத்தேன், கல்யாணமான புதிதில் வாங்கியது, அவ்வளவு பழகிய துண்டு. வட்ட வட்டமாகத் துடைத்தேன், ஏனென்றால் பூமியே சுற்றித்தான் போகிறது, சுற்றித் தேய்த்தால் அழுத்தம் சமமாகப் பரவும். தூசி இருந்தால் இன்னும் அழுத்தித் துடைத்தேன். இப்படி ஒரு நாள் விடாமல் சேவை செய்துவந்த நிலையில், ஒரு காலை வெயில் சாய்வாக விழுந்தபோது பானெட்டின் மேல் சிலந்தி வலை ஒன்று தெரிந்தது. துண்டால் ஒரு தட்டு தட்டினேன், போகவில்லை. தேய்த்தேன், பெரிதாயிற்று. நான் இடது பக்கம் நகர்ந்தால் வலையும் இடது பக்கம் நகர்ந்தது. அப்போதுதான் கீழ்வீட்டுக்காரர் சட்டைகளைக் காயப்போட வந்தார். வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர், எல்லாரும் மேனேஜர் என்றே கூப்பிடுவோம், அவருடைய துணிக்கொடி நம் வண்டி நிற்கும் இடத்தை ஒட்டித்தான் போகிறது.

"என்ன சார், வண்டி மேல சிலந்தி கூடு கட்டியிருக்கா?"

"கம்பெனி டிசைன் சார். உசந்த மாடல்ல மட்டும்தான் வரும்."

"போன மாசம் இல்லையே?"

"மெதுவாத்தான் வெளிய வரும் சார். வெயில் படப் பட."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். அதன் பிறகு தினமும் காலையில் டிசைன் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க வர ஆரம்பித்தார். கதவு வரைக்கும் வந்தது, டிக்கி வரைக்கும் வந்தது. நான் கலங்கவில்லை. உடம்பிலேயே கெட்டியான பொருள் பல், அதையே பளபளக்க வைப்பது பற்பசை, கார் எந்த மூலைக்கு என்று கணக்குப் போட்டு, பானெட்டின் நடுவில் பற்பசையைப் பூசி மும்முரமாகத் தேய்த்தேன். வலை மங்கியது. கூடவே மினுமினுப்பும் மங்கி, அந்த இடம் மேகத்தில் சிக்கிய நிலா மாதிரி ஆயிற்று. வாசனை மட்டும் பிரமாதம். சரி, காய்ந்துபோன தலைக்கு என்ன செய்கிறோம், எண்ணெய்தானே வைக்கிறோம் என்று என் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைக் கொண்டுவந்து வண்டி முழுவதும் தடவினேன். மருமகனே, நம்பு, ஒரு கீறல் இல்லை! கண்ணாடி! மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் டிசைனைத் தேடி வண்டியை இரண்டு சுற்று சுற்றினார். சாயங்காலத்துக்குள் தெருவில் இருந்த தூசியெல்லாம் வந்து ஒட்டி, வண்டி வெல்வெட் துணி போட்டது மாதிரி ஆகிவிட்டது. அதன் மேல் ஒரு பூனை நடந்துபோயிருந்தது. எந்த வீட்டுப் பூனை என்று சொல்லிவிடலாம், தடம் அவ்வளவு தெளிவு.

இந்தச் சமயம் பார்த்து உன் அப்பா வந்தார். நான் மாடியிலிருந்து அவர் தலையைப் பார்த்ததும் கட்டில் விரிப்பை உருவிக்கொண்டு இறங்கி வண்டி மேல் போட்டுவிட்டேன்.

"என்னடா மாப்ளே, வண்டிக்குப் போர்வை?"

"ஓய்வுல இருக்கு அத்தான்."

"எடு, பாக்கலாம்."

"இப்ப எடுத்தா வெளிச்சம் தாங்காது அத்தான்."

அவர் என்னையும் போர்வையையும் மாறி மாறிப் பார்த்தார். "அடுத்த வாரம் வர்றேன். போர்வை இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா அன்னைக்கே என் ஷெட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனார்.

உடனே நிபுணரை வரவழைத்தேன். எங்கிருந்து என்று கேட்காதே. சாதாரண ஆள் இல்லை, பல நாட்டுக் கார்களைத் தொட்டுத் தடவி உயிர் கொடுத்தவர், அவருடைய நேரம் கிடைப்பதே அபூர்வம், நான் கேட்டேன் என்பதற்காக வந்தார். கதவைத் தட்டும் வழக்கம்கூட அவருக்கு இல்லை, நேராக வந்துவிட்டார். விரிப்பைத் தூக்கினார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பானெட்டைப் பார்த்தார், பிறகு என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார்.

"இதாலயா துடைச்சீங்க?"

"ஆமா, மெத்துனு இருக்கும்."

"இதால துடைச்சுத் துடைச்சு உங்க முதுகே செவந்து கெடக்கு. வண்டி என்ன ஆகும்?"

பார்த்த மாத்திரத்தில் என் முதுகைப் பற்றிச் சொல்லிவிட்டார் பார், அதுதான் நிபுணத்துவம். பிறகு விளக்கினார். பெயிண்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறதாம். உலர்ந்த துணியால் தூசியை இழுத்தால், தூசியில் இருக்கிற மணல் அந்தப் பூச்சில் மயிரிழை மயிரிழையாகக் கோடு போடுமாம். "கீறல் வட்டமா இல்ல, எல்லாப் பக்கமும்தான் இருக்கு. வெளிச்சத்தைச் சுத்தி இருக்கறது மட்டும் கண்ணுக்குத் தெரியுது, அதான் வலை மாதிரி இருக்கு" என்றார்.

"அப்ப நான் வட்டமாத் தேய்ச்சது தப்பில்லையே?"

"வட்டம் தப்பில்ல. தேய்ச்சதுதான் தப்பு."

அந்தப் பூச்சைத் துளியூண்டு சீவிச் சமப்படுத்தினால் கீறல் போகும், ஆனால் கொஞ்சம் கை மிஞ்சினால் பூச்சே போய்விடும், போனால் வராது என்றும் சொன்னார். எனக்கு உன் அப்பாவின் ஷெட் கண்ணுக்கு முன்னால் வந்தது. "உங்களால முடியுமா?" என்று கேட்டேன். "நீங்க சும்மா இருந்தா முடியும்" என்றார்.

அந்த வாரம் நம் வீட்டில் சாப்பாடு ஏன் நேரம் தப்பித் தப்பி வந்தது என்று எனக்குத் தெரியாது, உன் அத்தையும் ஆளே கண்ணில் படவில்லை, அது இருக்கட்டும். நிபுணர் முதலில் இரண்டு வாளி கேட்டார். ஒன்றில் நுரைத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் துணியை வெறும் தண்ணீரில் அலசிய பிறகுதான் நுரைக்குள் விடவேண்டும். ஒரே வாளி போதாதா என்றேன். "ஒரு எடத்து அழுக்கைக் கொண்டுபோய் இன்னொரு எடத்துல வெக்கறதுக்குப் பேரு கழுவறது இல்ல" என்றார். என் எண்ணெயை எடுக்கவே அரை நாள் ஆயிற்று. அப்புறம் களிமண் மாதிரி ஒரு கட்டியைப் பிசைந்து தட்டையாக்கி, வண்டியை ஈரமாகவே வைத்துக்கொண்டு அதன் மேல் வழுக்க விட்டார். தேய்க்கத் தேய்க்க உள்ளே பதிந்திருந்த மணலெல்லாம் கட்டியில் ஏறியது. ரப்பர் ஓரங்களுக்கு டேப் ஒட்டினார். பாலிஷ் பசையைப் பின்பக்கம் கீழே ஒரு மூலையில் கொஞ்சம் போட்டுப் பார்த்தார். நேராக பானெட்டில் ஆரம்பிக்கலாமே என்றேன். "எதையும் முழுசா ஆரம்பிச்சு முழுசா கெடுக்கறது சில பேருக்குப் பழக்கம்" என்று என் பக்கம் பார்த்துச் சொன்னார். அவர் பார்க்கிற பக்கத்தில் தற்செயலாக நான் நின்றிருந்தேன்.

பாலிஷ் மிஷினை வாடகைக்கு எடுத்துத் தோளில் சுமந்து வந்தது நான்தான், இதை நீ மறக்கக் கூடாது. ஒரே ஒரு தடவை பிடித்துப் பார்க்கிறேன் என்று கேட்டேன், மறுத்துவிட்டார். நடுவில் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாக மேலே போனார், நிபுணர்களுக்கும் வயிறு உண்டல்லவா. அந்த இடைவெளியில் மிஷினை எடுத்து, அதன் முனையில் சுழல்கிற பஞ்சு வட்டில் தாராளமாகப் பசை வைத்து, வீரன் வாளை உயர்த்துவது மாதிரி மேலே தூக்கி சுவிட்சைப் போட்டேன். பசை போன இடங்கள்: என் கண்ணாடி, சுவர், தூணின் இந்தப் பக்கம், அந்தப் பூனை, மேனேஜரின் துணிக்கொடியில் இருந்த சட்டைகள் அத்தனையும். வண்டி மேல் மட்டும் ஒரு பொட்டு விழவில்லை. மேனேஜர் வெளியே வந்து ஒரு சட்டையை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். "இதுவும் கம்பெனி டிசைனா சார்?" என்றார்.

நிபுணர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். "வண்டி மேல வெச்சிட்டுத்தான் சுவிட்சப் போடணும்! வெச்சிட்டு! யாரு சொன்னா உங்களைத் தொடச் சொல்லி? நகருங்க, நகருங்க... ஐயோ, அது என்ன கதவுல?"

ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவில், கைப்பிடிக்குக் கீழே ஒரு கோடு. நான் அந்தப் பக்கம் சாய்ந்து நின்றுதான் தினமும் கூரையைத் துடைப்பேன், இடுப்பில் சாவி. நிபுணர் அதை விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். கயிற்றை அவிழ்த்துச் சாவியை அந்தக் கையில் வைத்தேன். மருமகனே, நீ கொடுத்தபோது இருந்ததைவிட அது கனமாக இருந்தது.

அதன் பிறகு எனக்கு வெளிச்சம் பிடிக்கிற பொறுப்பு தரப்பட்டது. இந்தத் தொழிலில் முக்கால்வாசி அதுதான். போன் விளக்கைச் சாய்த்துப் பிடிக்கவேண்டும், கை ஆடக்கூடாது, பேசக்கூடாது. அவர் சின்னச் சின்னக் கட்டமாக, மிஷினை அழுத்தாமல், ஆமை வேகத்தில் நகர்த்தினார். ஒரு கட்டம் முடிந்ததும் புத்தம்புது மென்துணியால் பசையை எடுத்துவிட்டு, "காட்டுங்க" என்பார், நான் காட்டுவேன், வலை இருக்காது. பானெட் முடிந்ததும் எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. "இருங்க, பசையில இருக்கற எண்ணெய் கூட கீறலை மறைக்கும், துடைச்சு எடுத்துட்டுப் பாத்தாத்தான் உண்மை" என்றார். எண்ணெய் விஷயத்தில் அனுபவசாலி என்ற முறையில் நான் ஆமோதித்தேன். துடைத்து எடுத்தும் பார்த்தோம். மேலே இருக்கிற டியூப் லைட், முன்பெல்லாம் பிரிந்த நூல்கண்டு மாதிரி தெரிந்தது, இப்போது பானெட்டில் நேர்க்கோடாகப் படுத்திருந்தது. கடைசியாக மெழுகு பூசினார். அந்தக் கதவுக் கோட்டை மட்டும் தொடவில்லை. "ஆழமா இருக்கு. எடுக்கப் போனா பெயிண்டே போயிடும். இருக்கட்டும், வண்டிக்குச் சொந்தக்காரங்ககிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க" என்றார். இதோ, உன்னிடம் சொல்லிவிட்டேன். கூலி எதுவும் வாங்கவில்லை. அந்த வாரம் பாத்திரமெல்லாம் நான்தான் கழுவினேன், அது வேறு கணக்கு. என் கையைப் பற்றி, "உங்க கைக்கு ஒரு தனி பலம் இருக்கு" என்றுகூடச் சொன்னார். அதற்கு மேலும் ஏதோ சொன்னார், மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை.

சொன்னபடி உன் அப்பா வந்தார். போர்வை இல்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கூரையைத் தடவி விரலைப் பார்த்தார். கதவுக் கோட்டை நானே காட்டினேன், "ம்" என்றார். கடைசியில் பானெட்டுக்கு மேல் நன்றாகக் குனிந்தார். நிமிரவே இல்லை.

"டேய் மாப்ளே, எனக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சா?"

"பக்கவாட்டுல கொஞ்சம்தான் அத்தான்."

அவர் பானெட்டைப் பார்த்தபடியே முடியை ஒதுக்கிக்கொண்டார். பிறகு, "நல்லாத்தான்டா வெச்சிருக்கே" என்றார். உன் அம்மாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே ஒரு பசைத் துளி இருந்தது, அதைச் சுரண்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்போதுதான், "யாருடா செஞ்சது? அந்த ஆளு நம்பரைக் கொடு, என் வண்டியையும் பாக்கச் சொல்லணும்" என்றார். தேடித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஆக, வண்டி தயார். நீ வந்து பார். பார்த்துவிட்டு அடுத்த தடவையும் என்னிடமே விடுவாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போகிற இடமெல்லாம் உனக்கு நிழலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்கட்டும், மேலதிகாரிகள் மனம் குளிரட்டும், நீடூழி வாழ்க என்று மனதார ஆசீர்வதிக்கும்,

உன் அன்பு மாமா.

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் சத்தியம், ஒரே ஒரு விவரத்தை மட்டும் நான் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். நிபுணர் என்று யாரும் கிடையாது. அது உன் அத்தை. அவள் கை படக்கூடாது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு அதை எப்படி எழுதுவேன், நீயே சொல். ஆனால் உன் அப்பா நம்பர் கேட்டு தினமும் போன் பண்ணுகிறார், அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?" என்கிறாள். நான் துடைக்க ஆரம்பித்த முதல் நாளே போனில் கார் பாலிஷ் போடுவது எப்படி என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாளாம். ஏன் என்று கேட்டேன். "நீங்க துண்டைத் தோள்ல போட்டுட்டு இறங்கறப்பவே தெரியும், இது இங்கதான் வந்து நிக்கும்னு" என்றாள். ஆகவே முன்கூட்டியே தெரிந்தவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேர். நான் வாய்விட்டுச் சொன்னேன், அவள் சொல்லவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். சாவி இப்போது யார் இடுப்பிலும் இல்லை, அவள் ஒரு ஆணி அடித்து அதில் மாட்டியிருக்கிறாள், வந்தால் அவளிடம் கேட்டு எடுத்துக்கொள். உன் அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அவருடைய வண்டியையும் செய்து தருவாளாம், ஒரே நிபந்தனை, வெளிச்சம் பிடிக்க நான்தான் வரவேண்டுமாம். வேறு யார் பிடித்தாலும் கை ஆடுமாம். இதை நான் சேர்க்கவில்லை. அவளே சொன்னாள், வேண்டுமானால் கேட்டுப் பார்.