அரண்மனைக்குத் துருசு வைத்தவர்

இந்த நாட்டில் இதுவரை பிறந்த பொய்யர்களுள் முதல் இடம் யாருக்கு என்று ஒரு போட்டி வைத்தால், கிளிநொச்சிப் படக்கொட்டகை வாசலில் ரிக்கற் கிழித்துக்கொண்டிருந்த ஒரு மனிதருக்குத்தான் என் வாக்கு. மேடை ஏறிப் பொய் சொல்கிறவர்களை நான் போட்டியில் சேர்க்கவில்லை. அவர்கள் சொல்வதை அவர்களுடைய வீட்டிலேயே நம்புவதில்லை. இவர் சொன்னதை ஒரு குடியேற்றத் திட்டமே குடும்பத்தோடு உட்கார்ந்து நம்பியது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது. ‘இடைவேளை’ என்றால் எல்லோருக்கும் தெரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சிச் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி, கிடுகு வேலியும் தகரக் கூரையுமாக ஒரு படக்கொட்டகை இருந்தது. மணலில் இருந்தால் கலரி, வாங்கில் இருந்தால் முதலாம் வகுப்பு. மூட்டைப்பூச்சி வாங்கில்தான் இருந்தது என்பதால் விவரம் தெரிந்தவர்கள் கலரிக்கே போவார்கள். அங்கே ரிக்கற் கிழிப்பது, மாட்டு வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு படத்தை அறிவிப்பது, குடித்துவிட்டு வந்தவர்களை நல்ல வார்த்தை சொல்லி வெளியே அனுப்புவது எல்லாம் அவர்தான். படச்சுருள் அறுந்தவுடன் திரைக்கு முன்னால் ஓடிப்போய் “இடைவேளை” என்று கத்துவதும் அவர்தான். ஒரு படத்துக்கு ஏழெட்டு இடைவேளை வரும். ஆள் நல்ல ஒல்லி. தோளில் எந்நேரமும் ஒரு துவாய் கிடக்கும்.

நான் அப்போது நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, எனக்கு ஏதோ தண்டனை கிடைத்துவிட்டது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு திரிந்த காலம். எனக்கு ஊரும் பிடிக்கவில்லை, கொட்டகையும் பிடிக்கவில்லை. ஆனாலும் பின்னேரத்தில் வேறு எங்கே போவது? கொட்டகைக்குத்தான் போனேன்.

ஒருமுறை ஓர் அரசகுமாரி படம் வந்தது. அவளை மந்திரி பிடித்து அரண்மனைக் கோபுரத்தில் அடைத்துவிடுகிறான். எட்டாம் ரீல் அத்தோடு முடிகிறது. பத்தாம் ரீலில் அவள் கதாநாயகன் வீட்டில் சம்மணம் கட்டி இருந்து சோறு சாப்பிடுகிறாள். இடையில் உள்ள ஒன்பதாம் ரீல் கனகராயன்குளத்தில் காட்டும்போது மெசினுக்குள்ளேயே எரிந்து போயிருந்தது. ரீல் இல்லை என்று சொன்னால் சனம் கொட்டகையைப் பிரித்துக் கொண்டுபோயிருக்கும். கொட்டகைக்காரர் பின்னால் தேத்தண்ணி போடுகிற குசினிப் பக்கம் ஒளிந்துகொண்டார். இடைவேளை ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

“இந்த ரீல் வெயிலில கிடந்து வெளுத்துப்போச்சு. நீங்கள் பாருங்கோ, நான் சொல்லுறன்” என்றார். திரையில் வெறும் வெள்ளை வெளிச்சம். அதற்கு முன்னால் அவர் நின்றார். அவருடைய நிழல் திரையில் ஆளுயரத்துக்கு மேலே எழும்பியது.

அந்தப் படத்தை அவரும் முன்பின் பார்த்ததில்லை. அது அவருக்கு ஒரு தடையாகவே இருக்கவில்லை. கோபுரத்துக்குள் ஒரு கிணறு இருந்தது என்றார். அரசகுமாரி அதற்குள் குதித்தாள். கிணற்றுக்குள் ஒரு சுரங்கம். சுரங்கம் போய் முடிகிற இடம் ஒரு குளத்தின் துருசு, அதாவது மதகு. துருசு பூட்டிக் கிடக்கிறது, அவளுக்கு மூச்சு முட்டுகிறது. அந்த நேரம் பார்த்து, பயிர் வாடுகிறதே என்று ஒரு கமக்காரன் மண்வெட்டியோடு வந்து துருசைத் திறக்கிறான். இவ்விடத்தில் இடைவேளை துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் துருசைச் சுழற்றித் திறந்தார். நிழலும் திறந்தது. கொட்டகையில் எழுந்த சத்தத்தில் தகரம் அதிர்ந்தது.

ஏன் அதிராது? அங்கே மணலில் இருந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறி, குளத்துத் தண்ணீருக்காகத் துருசடியில் காவல் கிடந்த ஆட்கள். அதுவரை பார்த்த அத்தனை படங்களிலும் ராசாக்களுக்கும் சீமான்களுக்கும் கைதட்டியே களைத்துப் போனவர்கள். முதல்முறையாக ஒரு கமக்காரன் அரசகுமாரியைக் காப்பாற்றியிருக்கிறான்.

அடுத்த நாள் நான் இடைவேளையைத் தேநீர்க்கடையில் பிடித்துக்கொண்டேன். துருசின் வாய் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், வரைபடம் எங்கள் கந்தோர் அலுமாரிக்குள் இருக்கிறது, அதற்குள்ளால் ஓர் அரசகுமாரி கிரீடத்தோடு வரவே முடியாது என்று விளக்கினேன். பவ்வியமாகக் கேட்டுக்கொண்டார். அன்று மாலை அரசகுமாரி கிணற்றில் குதிக்குமுன் கிரீடத்தைக் கழற்றி ஒரு கல்லின்மேல் வைத்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

படம் வாரக்கணக்காக ஓடியது. கமக்காரனுக்கு ஒரு பெயர் வந்தது, பெண்சாதி வந்தாள், முறை மாறித் தண்ணீர் திருடும் பக்கத்துக் காணிக்காரன் ஒருவனும் வந்தான். ஒன்பதாம் ரீலுக்கென்றே சனம் துணுக்காயிலிருந்தும் வந்து இறங்கியது. இடைவேளைக்கும் காலம் மாறியது. ரிக்கற் கிழிக்கிறவன் என்று படலையோடு அனுப்பிய வீடுகளில் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அந்தத் துருசுக் கட்டத்தை இன்னொருக்கால் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். சொந்தமென்று ஆள் இல்லாத மனிதர் அவர். ஒரு கதிரை அவரை என்ன பாடு படுத்தியது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த ஆண்டு வயலில் அரிவுவெட்டு முடிந்த கையோடு கார்னிவல் வந்தது. ராட்டினம், மரணக்கிணறு, வளையம் எறிகிற கடை என்ற வழக்கமான குப்பைகளோடு இந்த முறை ஒரு புதுக் குப்பையும் வந்தது. அதே படத்தின் அரச நகரத்தை அப்படியே கட்டியிருப்பதாக முதலாளி விளம்பரம் செய்திருந்தார். மைதானத்தின் ஒரு மூலையை வளைத்து அடைத்து, சாக்கில் சுண்ணாம்பு பூசிக் கோட்டை, பலகையில் கோபுரம், படிக்கட்டு, சிம்மாசனம். சிம்மாசனத்துச் சிங்கத்துக்கு வயிற்றோட்டம் கண்ட ஆட்டின் முகம். இதைப் பார்க்கத் தனி ரிக்கற்.

ரசிகர்கள் என்ற சாதியின் மூளை எப்படி வேலை செய்யும் என்பதை நான் அன்றுதான் கண்டேன். சிங்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோட்டை காற்றுக்கு ஆடுவதைப் பற்றியும் பேச்சில்லை. உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்த உழவு மெசின் மணியம், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“துருசு எங்கை?”

மணியம் மெசினில் உழுவதைவிட வாயால் உழுவதில் பெயர் எடுத்தவன். மறுநாளே தேநீர்க்கடையில் வழக்கு ஆரம்பமானது. எதிர்த்தரப்பில் ஒரே ஒருவர்தான், தபால் அதிபரின் மனைவி. அவா அந்தப் படத்தை யாழ்ப்பாணத்தில் தமையன் வீட்டில் நின்றபோது முழுதாகப் பார்த்தவா. நகரம் படத்தில் உள்ளபடியே இருக்கிறது, படிக்கட்டு மட்டும் வலதுபக்கம் இருந்திருக்க வேண்டும், துருசு என்ற பேச்சே படத்தில் இல்லை என்று அடித்துச் சொன்னா. படத்தை முழுதாகப் பார்த்தவர் ஒருவர், பாராதவர்கள் ஊர் முழுக்க. நியாயம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று வாசகர்கள் ஊகிக்கலாம். படம் ஓடும்போது அவா நித்திரை கொண்டிருப்பா என்று தீர்ப்பாகியது. கமக்காரனின் தலைப்பாகை சிவப்பா பச்சையா என்று ரசிகர்களுக்குள்ளேயே அடிபாடு வந்தது. படம் கறுப்பு வெள்ளைப் படம் என்பதை நான் ஞாபகப்படுத்தினேன். என்னை ஏதோ புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

பிறகு மணியமும் ஆட்களும் கோட்டை வாசலில் நின்று, வருகிறவர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். முதலாளி கொழும்புப் பக்கத்து ஆள். துருசு என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற மதகுதான் என்று யாரோ சொல்ல, அரண்மனையில் அது எதற்கு என்று தலையில் கை வைத்தார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையார் கோயிலில் இடைவேளை கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும். படத்தில் துருசு உண்டு என்று சத்தியம் செய்தால் கட்டித் தருகிறேன், இல்லாவிட்டால் வாசலை விடுங்கள் என்றார். ஊர் சந்தோஷமாகச் சம்மதித்தது.

சனிக்கிழமை மத்தியானம் இடைவேளை என் அறைக்கு வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. பிள்ளையாருக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய ஏலாது என்றார். அப்படியானால் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன்.

“சொன்னா இந்த ஊரில இருக்கேலாது, கிளாக்கர்.”

நெடுங்கேணிக்குப் பின்னேரப் பஸ் இருக்கிறது, ஏறிப் போய்விடுங்கள் என்று எனக்கே உரிய கருணையோடு சொன்னேன்.

“போய்? அங்கை ஆர் எனக்குக் கதிரை தருவினம்?” என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார்.

போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. பின்னேரம் கோயில் முன்றல் நிறைந்த சனத்துக்கு நடுவில் நின்றார். கற்பூரம் எரிந்தது. கையை அணைக்கிறமாதிரி நீட்டினார். இழுத்துக்கொண்டார்.

“பிள்ளையாரறியச் சொல்லுறன். படத்தில துருசு இல்லை. கமக்காரனும் இல்லை. ரீல் எரிஞ்சு போச்சு. நான்தான் உண்டாக்கிச் சொன்னனான்.”

முதலாளி நெற்றி வியர்வையைத் துடைத்தார். இடைவேளை தலையைக் குனிந்துகொண்டு, தோளில் கிடந்த துவாயைக் கையில் எடுத்தார். அடி விழப்போகிறது என்று நான் ஓர் அடி பின்வாங்கினேன். மணியம் முன்னுக்கு வந்தான்.

“அண்ணை, நீங்கள் மைக்கில கதைச்சனீங்கள். அது எங்களுக்கும் தெரியும். ஆனா அவன் துருசைத் திறந்ததை நாங்கள் கண்ணால பாத்தனாங்கள்.”

ஓம், ஓம் என்று முன்றல் முழுக்கச் சத்தம். அண்ணையைக் கார்னிவல்காரர் வெருட்டிப் போட்டினம் என்றார்கள். பாவம், கோயிலில் வைத்துப் பயப்படுத்தலாமோ என்றார்கள். இடைவேளை இரண்டாம் தரமும் தான் சொன்னது பொய்தான் என்று மன்றாடினார். அவருடைய பேச்சை அவருடைய கதை வென்றுவிட்டது. கடைசியாகத் தபால் அதிபரின் மனைவி எழும்பினா. உண்மை தெரிந்த ஒரே ஆள். இனியாவது ஒரு புத்தியுள்ள வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

“யாழ்ப்பாணத்தில காட்டினது வெட்டின படமாக்கும்” என்றா.

முதலாளிக்கும் வேறு வழியில்லாமல் போக, அடுத்த நாளே மணியத்தின் ஆட்கள் மண்வெட்டியோடு போய், கோபுரத்தடியிலிருந்து வாய்க்கால் வெட்டி, பலகையில் துருசு அடித்துக் கொடுத்தார்கள். பீப்பாய்த் தண்ணீரில் துணிப்பொம்மை அரசகுமாரி. கமக்காரனாக நிற்க வேறு யாரையும் ஊர் சம்மதிக்கவில்லை. கார்னிவல் நின்ற அத்தனை நாளும், ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கும் என்று பயந்த அந்த மனிதர், துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு துருசைத் திறந்தார். சனம் ஒவ்வொரு முறையும் கைதட்டியது. அவர் ஒவ்வொரு முறையும் வெட்கப்பட்டார். முதல்நாள் நானும் ரிக்கற் எடுத்துக்கொண்டு போனேன். துருசின் அளவு பிழை என்று சொல்வதற்காகத்தான் போனேன். சொல்லவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு கொழும்பில் அந்தப் படத்தைத் திரும்பப் போட்டார்கள். நல்ல கொட்டகை, மெத்தைக் கதிரை, எரியாத ரீல்கள். ஒன்பதாம் ரீல் வந்தது. அரசகுமாரி காவல்காரனுக்கு மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கிறாள், படிக்கட்டால் இறங்குகிறாள், வெளியே போகிறாள். அவ்வளவுதான். இதைக் கட்டத்தான் அந்த முதலாளி அவ்வளவு சுண்ணாம்பு பூசினார்.

அவள் இரண்டாம் படியில் கால் வைத்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் படத்தில் நான் பார்க்க வந்தது அந்த ஒல்லி மனிதரை மட்டும்தான்.