லென்ஸ்காரர் வாங்கிக் கொடுத்த குரூஸர்

லென்ஸ்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி வாழ்ந்தால் குரூஸர் பைக்கோடுதான் வாழ்வது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க "கடைசி வரியைப் படிங்க" என்று சொல்கிற மனிதர் அவர். கடைக்கு எதிரே வண்டி ஷோரூம். அங்கேதான் அது நின்றது. நீண்ட உடம்பு, நீர்த்துளி மாதிரி டேங்க், அகல விரிந்த ஹேண்டில்பார். என்ஜின் சின்னது, விலையும் அடக்கம். தோரணை மட்டும் ஜமீன்.

அதைப் பார்த்தபடியே அவர் எத்தனையோ முறை ஊர் எல்லையைத் தாண்டியிருக்கிறார். காலை நீட்டி, கையை விரித்து, அவசரமே இல்லாமல். ஏரிக்கரைச் சாலை அவருக்காக மெல்ல வளைந்து கொடுக்கும். டேங்க்கின் மேல் மேகங்கள் நீந்தும்.

"சார், ஒரு எழுத்தும் தெரியலையே" என்று யாராவது சொல்லும்போதுதான் திரும்பி வருவார். எழுத்துப் பலகையை மறைத்துக்கொண்டு அவரேதான் நின்றிருப்பார்.

மனைவியிடம் நேராகக் கேட்டால் காரியம் கெட்டுவிடும். அவள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். பொய்யாக முனகுகிறவர்களை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் அவர் சுற்றி வளைத்தார்.

"உன் முதுகு எப்படி இருக்கு?"

பதினேழு வருஷத்தில் கேட்காத கேள்வி. அவள் மருந்துப் பையை மூடினாள்.

"பின்னாடிதான் இருக்கு. ஏன்?"

"பஸ்ல குலுங்கிக் குலுங்கிப் போறியே, பாவமா இருக்கு. உனக்காக ஒரு வண்டி பார்த்து வச்சிருக்கேன். சீட் ரொம்பத் தாழ்வு. ஏறி இறங்கச் சிரமமே இல்லை. சாய்மானம்கூட இருக்கு."

"எத்தனை சிசி?"

"நூத்தம்பது சிசி."

"நூத்தம்பது தடவை சீ சீன்னு சொன்னதையா வாங்கப் போறீங்க?"

"பெட்ரோலை மோந்து பார்க்கும், அவ்வளவுதான். குடிக்காது."

"நிஜமாவே எனக்காகவா?"

"சத்தியமா. உன் பேர்லயே எழுதிடலாம்."

அவள் அவர் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "சரி" என்றாள். இவ்வளவு சுலபமாக வந்த சரி அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. அப்போது அவர் ஏரிக்கரையில் மூன்றாவது வளைவில் இருந்தார்.

வண்டி எடுக்கிற நாளும் வந்தது. விற்பனையாளர் சாவியை நீட்டினார். லென்ஸ்காரரும் கையை நீட்டினார். சாவி அவர் கையைத் தாண்டி அவளிடம் போயிற்று.

"மேடம்தானே மூணு தடவை ஓட்டிப் பார்த்தாங்க" என்றார் விற்பனையாளர்.

"நீயா? எப்போ?"

"நீங்க சொன்ன மறுநாளே. உங்க கடை வாசல் வழியாத்தான் ஓட்டினேன். கைகூட ஆட்டினேன். நீங்க வண்டியையே பார்த்துக்கிட்டிருந்தீங்க."

"உனக்கு ஓட்டத் தெரியும்னு சொல்லவே இல்லையே?"

"கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா வண்டியை ஓட்டியிருக்கேன். நீங்க கேட்கலை. லைசென்ஸையும் விடாமப் புதுப்பிச்சு வச்சிருக்கேன். நீங்க சொன்னது நிஜம்ங்க. ரெண்டு காலும் தரையில நல்லாப் பதியுது. நாலு வீட்டுக்குப் போன நேரத்துல இனிமே ஏழு வீட்டுக்குப் போகலாம்."

"அப்போ நான்?"

"உங்க கடை நம்ம வீட்டுக்கு அடுத்த தெருவுலதானே? நடந்தா சர்க்கரைக்கு நல்லது."

ஆசைப்பட்டது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தார். செய்த சத்தியம் ஞாபகம் வந்தது. அவள் நீட்டிய மருந்துப் பையை வாங்கிக்கொண்டார்.

"ஏறுங்க" என்றாள்.

அவளாகவே ஏரிக்கரை வழியாக விட்டாள். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பக்கமாகக் காற்று வந்தது. அவள் ஹெல்மெட்டின் மேல் ஒரு மேகம் ஊர்ந்து போனது. என்ஜின் சின்னக் குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது. கோபப்பட்டுப் பார்த்தார், வரவில்லை. சாய்மானம் அவ்வளவு சுகமாக இருந்தது. கண்கள் தாமாகவே சொருகின. தலை முன்னால் சரிந்து அவள் ஹெல்மெட்டில் 'டொக்' என்று முட்டியது.

அவள் திரும்பாமலே சொன்னாள்: "தூங்குறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. குழந்தைங்களைக் கட்டுற பெல்ட் ஒண்ணு வாங்கி உங்களை என் இடுப்போட சேர்த்துக் கட்டிக்கிறேன்."