எறும்புத் திராவகம் அனுப்பிய மச்சினனுக்கு

குன்னத்துகால்,
கொல்லம் ஆண்டு 1130, கன்னி மாதம்.

கர்த்தருக்குள் பிரியமான மச்சினன் தேவகுமாருக்கு, ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் கனகதாஸ் ஆசீர்வாதங்களோடு எழுதுவிக்கும் கடிதம். மலைத்தோட்டத்தில் நீயும், உன் மனைவி புஷ்பபாயும், உங்கள் துரையும், துரையின் நாயும் சகல சுகத்தோடும் ஆளுக்கு இரண்டு கண்களோடும் இருக்க ஜெபிக்கிறேன். இங்கே நாங்களும் சுகம். நாங்கள் என்றால் உன் அக்கா சுகம், பசு சுகம், ரப்பர் மரங்கள் சுகம். என் சுகத்தை அறிய இந்தக் கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்தாலே போதும். இது உன் அக்கா சுகிர்தபாயின் கை. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள், ஏனென்றால் என் இரண்டு கண்களையும் ஆஸ்பத்திரியில் துணி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கட்டை அவிழ்ப்பார்களாம். இடது கண் பிழைத்துக்கொள்ளும் என்கிறார் டாக்டர். வலது கண்ணைப் பற்றிக் கேட்டால் மழையைப் பற்றிப் பேசுகிறார். நீ அன்போடு அனுப்பிவைத்த ஆசிட்டுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

பொருளில் குறை சொல்ல மாட்டேன். முதல்தரமான பொருள். வைக்கோல் திணித்த கூடைக்குள் குண்டுக் கண்ணாடி ஜாடியாக அது பனச்சமூட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, வாத்தியாருக்கு மலையிலிருந்து தேன் வந்திருக்கிறது என்றே சந்தையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. கூடவே நீ எழுதிய காகிதமும் இருந்தது. "அத்தான், ரப்பர் பால் உறைய இது போதும். பயம் வேண்டாம், எறும்பின் உடம்பில் இருக்கிற அதே திராவகம்தான்" என்று தலைப்பிலேயே எழுதியிருந்தாய். மச்சினா, அந்த எறும்பை எனக்கு ஒருதரம் காட்டவேண்டும். எங்கள் ஊர் எறும்பு கடித்தால் சொறிந்துகொண்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். உங்கள் தோட்டத்து எறும்பு யானையைத் தின்று வளர்ந்ததாக இருக்கும். எறும்பு என்று வாசித்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மீதியை ஆற அமர வாசித்துக்கொள்ளலாம் என்று காகிதத்தை வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.

முதல் நாள் மூடியைத் திறந்து, கடையில் நல்லெண்ணெய் வாங்குகிறவன் மோந்து பார்ப்பதுபோல, மூக்கை வைத்து ஓர் இழுப்பு இழுத்தேன். அன்று தொடங்கிய இருமல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் என்னோடு வந்தது. போதகர் பிரசங்கத்தைப் பாதியில் முடித்துக்கொண்டார். சபையார் பலர் வாசலில் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள், அதில் பாதி உனக்குச் சேரவேண்டியது. பிறகு காரம் போதுமா என்று பார்க்க விரலை முக்கினேன். பாயசம் வைக்கிறவன் செய்வதைத்தான் செய்தேன், நல்லவேளை நக்கவில்லை. விரல் துரைமார் விரல்போல வெளுத்தது, அப்புறம் தோல் உரிந்தது. அதற்கும் மறுநாள் கொஞ்சம் ஆசிட்டைச் சட்டியில் எடுத்து அதன் தலையில் தண்ணீரை ஊற்றினேன். அது சூடாகிக் குமுறி என் வேட்டியில் தெறித்தது, வேட்டி வலைபோல ஆயிற்று. அப்போதுதான் உன் அக்கா வேதப்புத்தகத்திலிருந்து உன் காகிதத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். "வெள்ளத்துலதான் ஆசிட்ட மெல்ல விடணும், ஆசிட்டுல வெள்ளத்த விடப்பிடாது எண்ணு எழுதியிருக்கான், கேட்டியளா? மோந்து பாக்கவும் பிடாதாம். கையால தொடவும் பிடாதாம்." எல்லாம் நடந்து முடிந்தபிறகு வாசிக்கப்படுவதற்கென்றே உன்னைப்போல அருமையாக எழுத யாராலும் முடியாது.

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வரியையும் வாசித்தாள். "ஜாடியின்மேல் அச்சடித்திருப்பது இங்கிலீஷ். ஆகையால் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த பாஷையில் அபாயம் என்று எழுதி ஒட்டவும்." இந்த ஒற்றை வரியால் என் குடி கெட்டது. தெரிந்த பாஷை. மலை உச்சியில் உட்கார்ந்துகொண்டு சுலபமாக எழுதிவிட்டாய். இங்கே எங்கள் பாஷை எது, எங்கள் ஊர் தமிழ்நாட்டோடா மலையாள ராஜ்யத்தோடா என்று தீர்மானிக்க டெல்லியிலிருந்து கமிஷன் வரப்போகிறது என்று பேச்சு. பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை ரோட்டில் ஊர்வலம் போகாத நாளும் போலீஸ் தடி சுழற்றாத நாளும் இல்லை. பெரிய பெரிய தலைவர்களுக்கே பிடிபடாத காரியத்தை நீ என்னை ஓர் ஆசிட் ஜாடியின் வயிற்றில் தீர்த்துவைக்கச் சொல்கிறாய்.

நான் தமிழ் வாத்தியார். வேறு என்ன செய்வேன்? நல்ல தாளில், குண்டு குண்டாக, "இஃது எரிதிராவகம். தீண்டற்க" என்று எழுதி, கஞ்சிப்பசை தடவி ஒட்டினேன். மறுநாள் எங்கள் ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிற கிருஷ்ணன்குட்டி அதன் முன்னால் நின்று தலையைச் சொறிந்தான். "சாறே, எனக்குத் தமிழ் பேசான் அறியும், வாயிக்கான் அறிஞ்சுகூடா. மலையாளத்தில ஒரு வரி எழுதித் தரணும்" என்றான். நான் கோபப்படவில்லை. தமிழ் படித்துக்கொள் என்றேன். இலவசமாகச் சொல்லித்தருகிறேன் என்றேன். "சாறு அ, ஆ முடிக்கும்முன்ன பாலு கட்டியாயிப்போவும்" என்றான். படிப்பில் ஆர்வமில்லாதவன். சாயங்காலம் பார்த்தால் அவன் வீட்டிலிருந்து மலையாளத்தில் எழுதிய தாளைக் கொண்டுவந்து என் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறான்.

அடுத்த வீட்டுச் சுந்தரதாஸ் எல்லைக் கமிட்டிக்காரர். தற்செயலாகப் புகைக்கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தவர் முகம் கறுத்துப்போயிற்று. "சாறே, கமிஷன் வாறப்போ ஒங்க ஜாடியில மலையாளத்தக் கண்டா, நம்ம ஊரு எந்தப் பக்கமாக்கும் எண்ணு எழுதுவான்?" என்று கேட்டார். டெல்லிக்காரர்கள் ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடுகிற கொட்டகைக்குள் வருவார்களா என்று எனக்கும் சந்தேகம்தான். வரமாட்டார்கள் என்று நீ உத்தரவாதம் தருவாயா? அந்தத் தாளை அவரே கிழித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஜாடி விழாமல் பிடித்துக்கொண்டதைத் தவிர எனக்கு அதில் பங்கில்லை. மறுநாள் கிருஷ்ணன்குட்டி எங்கள் ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த நீலப் பெயின்ட்டை எடுத்து, என் "தீண்டற்க" மேலேயே, ஜாடியின் வயிறு முழுவதும், ஆசிட் என்று மலையாளத்தில் எழுதிவிட்டான். அதில் எச்சரிக்கை ஒன்றும் இல்லை. வெறும் ஆசிட். பனச்சமூட்டில் நிற்கிறவனும் வாசிக்கலாம், அவ்வளவு பெரியது.

இதையும் கிறிஸ்தவப் பொறுமையோடு சகித்தேன் என்பதை நீ குறித்துக்கொள்ளவேண்டும். (பேனா நின்ற சத்தம் கேட்கிறது. எழுது சுகிர்தம்.) காரியம் நடந்த அன்று காலை நான் ஜாடிக்குத் தூரமாக, மிகவும் தூரமாக, உலகத்தின் நிலையைச் சிந்தித்துக்கொண்டு நின்றேன். திடீரென்று மூடி தானாகவே தெறித்தது. பூட்டிவைத்தால் உள்ளே வாயு சேரும், அவ்வப்போது மெல்லத் திறந்துவிடவேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாயாம். அப்படியிருந்தும் கழுத்துமட்டம் நிரப்பி அனுப்பிய உன் கைவளத்தால் ஆசிட் பறந்து வந்து, அவ்வளவு இடம் இருக்க, என் கண்ணைத் தேடிப்பிடித்துப் பட்டது. நடந்தது இதுதான். யார் வேறுவிதமாகச் சொன்னாலும் நம்பாதே.

அதன்பிறகு எனக்கு நடந்த வைத்தியத்தையும் கேள். உன் அக்கா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டுபோய்க் குனியவைத்து, இமையை விரலால் விரித்துப் பிடித்து, வாளி வாளியாக ஊற்றினாள். போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன், வாயிலும் ஊற்றினாள். கிருஷ்ணன்குட்டி மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து, "சேச்சி, ஆசிட்டுக்கு எதிரி சுண்ணாம்பாக்கும், கண்ணுல லேசா தொட்டு வச்சா மதி" என்றான். சுந்தரதாஸ் தேங்காயெண்ணெயோடு ஓடிவந்து, "சுண்ணாம்பா? இது ஒங்க ஊரு வைத்தியமா ஓய்?" என்றார். நான் அங்கே வெந்துகொண்டிருக்கிறேன், இவர்கள் சுண்ணாம்பு எந்த ராஜ்யம், எண்ணெய் எந்த ராஜ்யம் என்று எல்லை பிரிக்கிறார்கள். உன் அக்கா ஒரு வாளியை அவர்கள் இருவர்மேலும் ஊற்றி, "வெள்ளம் கோருங்க, இல்லெங்கில் வீட்டுக்குப் போங்க" என்றாள். பிறகு தமிழும் மலையாளமும் ஒரே கயிற்றைப் பிடித்துத் தண்ணீர் இறைத்தன. என் பல் கிட்டுகிறவரை ஊற்றினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டார். சரியான திட்டு விழப்போகிறது என்ற சந்தோஷத்தோடு உன் அக்கா பெயரைச் சொன்னேன். அவர் அவளை மெச்சினார். சுண்ணாம்பு வைத்திருந்தால் இரண்டு கண்ணும் அங்கேயே அவிந்திருக்குமாம். அவளை இனிக் கையில் பிடிக்க முடியாது.

சுந்தரதாஸுக்கு இப்போது ஒரே கவலை. பாறசாலையில் கூட்டம் போடுகிறார்களாம், என்னை மேடையில் உட்காரவைக்கவேண்டுமாம். "சாறு ஒண்ணும் பேசண்டாம். கட்டோட இருந்தாப் போதும், சனம் பாத்துக்கிடும்" என்கிறார். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கூட்டத்தை வைத்தால் நல்லது என்றும் சொல்கிறார். நான் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கிருஷ்ணன்குட்டியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். நீலப் பெயின்ட் பிடிக்கிற கைக்கு என் மரத்தில் வேலையில்லை. ஆகவே இக்கடிதம் கண்டதும் ஆள் அனுப்பி ஜாடியைத் திரும்ப எடுத்துக்கொள். பால் உறையாவிட்டால் போகட்டும், மரத்திலேயே இருக்கட்டும். உன் அக்காவின் தம்பி என்பதால் இத்தோடு விடுகிறேன்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் உன் எறும்புகளையும் காப்பாராக. துரையின் நாய்க்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு, இருட்டில் இருந்தாலும் உன் நன்மையையே நாடும்,
கனகதாஸ்.

பின்குறிப்பு: மக்கா தேவா, இது அக்கா எழுதுகேன். கடிதத்த ஒட்டியாச்சா எண்ணு கேட்டாரு, ஒட்டியாச்சு எண்ணு சொல்லியிருக்கேன். மூடி ஒண்ணும் தானா தெறிக்கல்ல. இவராக்கும் திறந்தது. கிருஷ்ணன்குட்டி எழுதினத முதல்ல பிச்சாத்திக் கத்தி வச்சு சுரண்டினாரு, போகல்ல. மண்ணெண்ணெய் விட்டுத் தேச்சாரு, அதுக்கும் போகல்ல. பெறவு, இதுக்குள்ளயே ஆசிட் உண்டே எண்ணு யோசன வந்திருக்கு. கம்புல துணியச் சுத்தி, ஜாடிக்குள்ள முக்கி, ஜாடிக்க மேல தேச்சாரு. கிட்டத்துல பாக்கணும் எண்ணு மூக்குக்கண்ணாடியையும் கழத்தி வச்சாரு. ஆசிட் எண்ணு எழுதினத அந்த ஆசிட்ட வச்சே அழிச்ச ஆளு லோகத்துல ஒனக்க அத்தான் ஒருத்தராத்தான் இருக்கும். எழுத்து போச்சு, அதையும் சொல்லணும். கடைசி எழுத்துல கம்பு துள்ளிக் கண்ணுல தெறிச்சது.

கிருஷ்ணன்குட்டிய நிறுத்தல்ல. அவன் கையப் பிடிச்சாக்கும் இவரு ஆஸ்பத்திரிக்கு நடக்கிறது. போற வழியெல்லாம் ரெண்டுபேருக்கும் எல்லைச் சண்டைதான், ஆனா கைய விடமாட்டாரு. ஜாடிய எடுக்க ஆள் விடண்டாம். கைக்கு ஒறையும் கண்ணுக்கு மூடுகண்ணாடியும் கிடைச்சா கொடுத்துவிடு. கண்ணுல பட்டா உடனே வெள்ளம் விடணும், நிறுத்தாம விடணும் எண்ணு நீ எழுதினத நான் வாசிச்சு வச்சிருந்தேன். அதுகொண்டாக்கும் இவ்வளவாவது மிஞ்சினது.

இவருக்க வாயி இப்படித்தான். ஆனா கடிதத்துக்கு நடுவுல, "எட்டி சுகிர்தம், ஒரு கண்ணு போனா எழுத்து வரி நேரா வருமா?" எண்ணு கேட்டாரு. பெறவு, அத எழுதாண்டாம் எண்ணாரு. எனக்குப் பயமா இருக்கு மக்கா.

ஜாடியில இப்ப தமிழும் இல்ல, மலையாளமும் இல்ல. நான் தாரெடுத்து அதுல ஒரு மூஞ்சி வரஞ்சு வச்சிருக்கேன். ரெண்டு கண்ணுலயும் கட்டு, கீழ ஒரு பெரிய மீச. கிருஷ்ணன்குட்டி கண்டதும் பின்னாக்கப் போனான். சுந்தரதாஸும் கிட்ட போகல்ல. இது எந்தப் பாஷை எண்ணு ஒருத்தரும் கேக்கல்ல, மீச யாருக்க மீச எண்ணும் கேக்கல்ல. வெள்ளிக்கிழமை கட்ட அவுத்துட்டு வந்தா இவரு நேரே கொட்டகைக்குத்தான் போவாரு. வலது கண்ணாலயும் அதக் கண்டு என்னை வயிறு நிறைய ஏசணும். அந்த ஏச்சு கிடைக்கணும் எண்ணுதான் நான் முழங்காலில நிண்ணு கேக்கேன். நீயும் கேளு.