கீழாநெல்லியும் என் போன்ழூரும்

முதலியார்பேட்டை,
12-11-1957

சிரஞ்சீவி மைத்துனன் ஜானகிராமனுக்கு, உன் அக்காள் புருஷன் கலியபெருமாள் மனமார ஆசீர்வதித்து எழுதுவது.

நாங்கள் இங்கே சௌக்கியம். உனக்குக் கண் மஞ்சளாகி, ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை என்று கேட்டதும் உன் அக்காள் அடுப்பே மூட்டவில்லை. பயப்படாதே. போன மாதம் எனக்கும் அதே காமாலைதான். என் அண்ணனை அதற்குத்தான் பறிகொடுத்தோம். கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தபோது உள்ளபடியே நடுங்கிப்போனேன்.

என்னைக் காப்பாற்றியது கீழாநெல்லி. மழை விழுந்தால் புல்லோடு புல்லாக முளைத்து, போகிறவர் வருகிறவர் காலில் மிதிபடுகிற பூண்டு. நீர்க்கடுப்புக்கும் கேட்குமாம், உப்போடு அரைத்துப் பூசினால் சொறிக்கும் கேட்குமாம். நாட்டு மருந்து கொடுக்கும் அஞ்சலாட்சி அம்மாள் அதைத் தட்டாஞ்சாவடி மேய்ச்சல் தரையில் விடியுமுன் வேரோடு பிடுங்கி வந்து, நெல்லிக்காய் அளவு அரைத்து மோரில் கலக்கித் தருவாள். வெறும் வயிற்றில் மூன்று நாள் குடிக்க வேண்டும். உப்பு, புளி கூடாது. ஒரே ஒரு நிபந்தனை. பிடுங்கியதிலிருந்து கொடுக்கும்வரை அவளோடு யாரும் பேசக் கூடாது. பேசினால் வீரியம் போய்விடும், மறுநாள் புதிதாகத்தான் பறிக்க வேண்டும்.

அங்கேதான் நான் சறுக்கினேன். முப்பது வருஷம் மேரியில், அதுதான் பிரெஞ்சு நகரசபை ஆபீசில், வாசல் பக்கத்து மேசையில் குமாஸ்தாவாக இருந்தவன். பிரெஞ்சுக்காரன் கப்பலேறி மூன்று வருஷம் ஆகியும், படியேறி வருகிறவர் யாரானாலும் எழுந்து நின்று ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. முதல் நாள் அம்மாள் வந்தாள், சொன்னேன். கொண்டுவந்த கீழாநெல்லியை எங்கள் மாட்டுக்குப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். இரண்டாம் நாள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் தலையைக் கண்டதும் துண்டை அவிழ்த்துவிட்டுச் சொன்னேன். மூன்றாம் நாள் மன்னிப்புக் கேட்டேன், அதுவும் பேச்சுத்தானாம். அன்றுதான் அவளும் வாயைத் திறந்தாள்.

“நாலு கல்லு நடந்து வரேன் ஐயா. பொழைக்கணும்னா வாயை மூடுங்க. மரியாதைதான் பண்ணணும்னா ஆஸ்பத்திரிக்குப் போயி பண்ணுங்க.”

நாலாம் நாள் உன் அக்காள் என்னை உள்ளறையில் போட்டுப் பூட்டினாள். மருந்து ஜன்னல் வழியாக வந்தது. பத்தே நாளில் கண் வெளுத்துவிட்டது. கால்தான் இன்னும் தள்ளாடுகிறது, இல்லாவிட்டால் நேரில் வந்திருப்பேன். இப்போது யாரைக் கண்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறேன். அந்தப் பழக்கம் அடியோடு ஒழிந்தது.

நாளை விடியற்காலை அம்மாள் உன் மருந்தோடு அரியாங்குப்பம் வருகிறாள். வழியில் எங்கள் வீட்டில் இக்கடிதத்தை வாங்கிக்கொள்வாள். அவளை ‘வாங்க’ என்றுகூடச் சொல்லாதே. உன் கல்யாணத்துக்குப் பதினாறே நாள் இருக்கிறது. மணவறையில் மஞ்சள் கண்ணோடு உட்கார்ந்தால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? ஒரு நாளைக்கூட வீணாக்க முடியாது.

நீ தேறி, மாலையும் கழுத்துமாக நிற்பதைப் பார்க்கும் பாக்கியத்தைப் பெருமாள் எங்களுக்குத் தரட்டும்.

இப்படிக்கு,
கலியபெருமாள்

பி.கு. (13-11): இன்று காலை அம்மாள் வந்து, கடிதத்துக்குக் கை நீட்டினாள். எழுந்து நின்றேன், சொல்லிவிட்டேன். அவள் கடிதத்தை வாங்காமலே திரும்பிவிட்டாள். ஆகவே கடிதம் தபாலில் வருகிறது. மருந்து நாளை வரும், உன் அக்காள் என்னைப் பூட்டிய பிறகு.