சஹனில் விழுந்த கிரவுன்

வத்தேகம,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகன் பல் டாக்டர் றிஸ்விக்கு, மாமா அரூஸ் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இவ்விடம் எல்லாரும் சுகம், என் வாயைத் தவிர. உங்கள் உம்மா, என் தங்கச்சி ருக்கியாவுக்கு என் சலாம். உங்களுக்கும் சலாம் சொல்லித்தான் ஆகவேண்டும், மார்க்கக் கடமை.

போன் எடுத்தால் உங்கள் கிளினிக் பிள்ளை "டொக்டர் பிஸி" என்று வைத்துவிடுகிறாள். ஆகவே இந்தக் கடிதத்தையும், இத்துடன் டிஷூவில் சுற்றிய சாமானையும் ஆட்டோக்காரர் கையில் கண்டிக்கு அனுப்புகிறேன். பிரித்துப் பாருங்கள். இன்று காலையில் நீங்கள் என் கடைவாய்ப் பல்லை ராவி, ஊசி போட்டு, "பாறை மாதிரி நிக்கும் மாமா" என்று ஒட்டிவிட்ட கிரவுன் அது. பாறை நின்ற அழகைக் கேளுங்கள்.

என் மகள் ஷஹ்மாவுக்குக் கல்யாண நாள் குறிக்கக் கடுகண்ணாவையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பகல் சாப்பாட்டுக்கு வருகிறார்கள் என்று உங்களிடம் படித்துப் படித்துச் சொன்னேன். ஊசி போட்டதில் பாதி நாக்கும் பாதிக் கன்னமும் மரத்துப்போய், வாசலில் நின்று நான் சொன்ன சலாம் எனக்கே விளங்கவில்லை. மாப்பிள்ளையின் வாப்பா முனாப் ஹாஜியார் என் கோணிய வாயைப் பார்த்துவிட்டு, "வாதமா? குடும்பத்துல வேற யாருக்கும் ஈக்கா?" என்று கேட்டார். பெண் கொடுக்கிற வீட்டில் கேட்கிற கேள்வியா அது! பதறிப்போய், வாதமில்லை, மருமகன் புதுக் கிரவுன் போட்டிருக்கிறார் என்று வந்த ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னேன். உங்கள் கைராசியைப் புகழ்ந்தும் தொலைத்தேன்.

விறைப்புப் போகும்வரை சாப்பிட வேண்டாம் என்றீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சஹன் என்றால் ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர். வீட்டுக்காரன் உட்காராமல் ஹாஜியார் கை வைப்பாரா? உட்கார்ந்தேன். ஹாஜியார், மாப்பிள்ளை அம்ஜத், அவர்கள் பக்கத்து இரண்டு பேர், நம் பள்ளி மௌலவி, நான். புரியாணி பாதி இறங்கியிருக்கும். அம்ஜத் சோற்றுக்குள்ளிருந்து எதையோ விரலால் எடுத்து, "இது கோழி எலும்பு இல்லையே?" என்றான். பல்! வெள்ளை வெளேரென்று பல்! ஆறு கையும் அப்படியே நின்றன. ஐந்து தலைகள் என் பக்கம் திரும்பின. காலையிலிருந்து தம்பட்டம் அடித்தவன் நான்தானே. மானம் கப்பலேறியது. "என்டதான், என்டதான்" என்று பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதன்பிறகு ஹாஜியார் ஒரு வார்த்தை பேசவில்லை. இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்தைத் தொடவில்லை. கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தவர், நாள் குறிக்காமலே வாகனத்தில் ஏறிவிட்டார். ஷஹ்மா அறையைப் பூட்டிக்கொண்டு அழுகிறாள். என் பிள்ளையின் வாழ்க்கை உங்கள் பசையில் வழுக்கி விழுந்துவிட்டது. மாமி பஸ்லினா, "எங்க, வாயத் தொறங்க பாப்போம்" என்று பின்னாலேயே வந்தாள். "நீ வாய மூடு" என்று ஏசிவிட்டேன். இனி அதை வேறு பார்க்க வேண்டுமா?

கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டு அஸர் தொழப் பள்ளிக்குப் போய்வந்தேன். அங்கே இருந்த எல்லாரிடமும் உங்கள் கைவேலையின் இலட்சணத்தைச் சொல்லிவிட்டேன். மீதிப் பேருக்கு நாளைக்குச் சந்தையில் சொல்வேன். உடனே கடுகண்ணாவைக்குப் போய் ஹாஜியாரிடம் மன்னிப்புக் கேளுங்கள். இல்லாவிட்டால் இனி எனக்கு மருமகனும் இல்லை, பல்லும் வேண்டாம்.

உங்களுக்கு அல்லாஹ் நல்ல புத்தியையும் நல்ல பசையையும் தருவானாக.

இப்படிக்கு,
வாய் திறக்க முடியாத மாமா,
அரூஸ்

பி.கு.: உறையை ஒட்ட நாக்கால் நனைத்தேன். விறைப்பு விட்டிருந்தது. நாக்கு உள்ளே திரும்பும்போது கடைவாயில் என்னவோ வழவழவென்று தட்டியது. கண்ணாடியில் பார்த்தேன். உங்கள் கிரவுன் பாறை மாதிரி நிற்கிறது.

"அப்ப அந்த மனிசன் எனத்துக்கு வாயப் பொத்திக்கிட்டு போன?" என்று மாமி கேட்டு வாய் மூடவில்லை, ஹாஜியாரின் போன் வந்தது. பேச்சோடு சீட்டியும் வந்தது. "அரூஸ் நானா, எல்லாருக்கும் முன்னுக்கு என்ட பல்ல ஒங்கடதான் எண்டு செல்லி என்ட மானத்தக் காப்பாத்தின. இப்படி ஒரு குடும்பம் எங்களுக்கு எங்க கெடைக்கிற?" என்றார். வருகிற மாதம் முதல் வெள்ளி நிக்காஹ். ஷஹ்மா கதவைத் திறந்துவிட்டாள்.

ஹாஜியார் இன்றைக்கே உங்களிடம் வருவார். டிஷூவில் இருப்பதை அவருக்கு ஒட்டிவிடுங்கள். மேலே எழுதிய ஏச்சையெல்லாம் அழித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், மறுபடி எழுத நேரமில்லை. உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை, மகன். ஆனால் ஊரில் யார் கேட்டாலும், விழுந்தது நீங்கள் போட்டதுதான். ஷஹ்மாவுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.