உல்போல்சினுக்கு நாலு தம்பிகள்

"பொண்ணு பேரு என்னடா?" என்று அம்மா கேட்டபோது கார் பெண் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. இனி மறைக்க வழியில்லை.

"உல்போல்சின்" என்று முனகினான் யெர்கின். ஒரு வருஷமாக அவன் மூடி மூடி வைத்திருந்த பேர்.

அம்மா ரபிகாவின் கை பையின் மேல் அப்படியே நின்றது. பைக்குள் காதணி இருந்தது. அதை அவள் பெண்ணின் காதில் போட்டால் கல்யாணம் உறுதி. போடாமல் திரும்பினால் எல்லாம் அதோடு சரி.

'மகன் பிறக்கட்டும்' என்று பொருள் அந்தப் பேருக்கு. பெண்ணாகவே பிறக்கிற கசாக் வீடுகளில், அடுத்ததாவது ஆணாக வரட்டும் என்று வேண்டி வைப்பார்கள். உல்போல்சினின் அப்பா ஒர்தாபாயும் அப்படித்தான் இரண்டாவது மகளான அவளுக்கு வைத்தார். அதற்குப் பிறகு அவருக்குப் பிறந்த ஐந்தும் பெண்.

"வெச்ச பேரு பலிச்சுதா? அவளுக்குத் தம்பி உண்டா? ஏழு ஆம்பளைப் பிள்ளை பெத்தவ கேக்கறேன், மறைக்காம சொல்லு."

யெர்கின் யோசித்தான். ஏழு மகன்களைப் பெற்றவள், பேர் பலிக்காத வீட்டில் பெண் எடுப்பாளா?

"ரெண்டு தம்பிம்மா."

அம்மாவின் முகம் வாடியது. அவளும் கூட வந்த சித்தி சவுலேயும் சால்வையைச் சரிசெய்துகொண்டு இறங்குவதற்குள், யெர்கின் கொல்லைப் பக்கமாக ஓடினான்.

"தங்கச்சிங்களை ஒளிச்சு வை! சீக்கிரம்!"

"அஞ்சு பேரையுமா? எங்கே, உன் சட்டைப் பையிலயா?" என்றாள் உல்போல்சின்.

"கொல்லைக் குளியலறைக்குள்ள தள்ளு!"

தள்ளினார்கள். யெர்கின் ஒர்தாபாயின் காதிலும் விஷயத்தைப் போட்டுவிட்டு, தான் வேலை பார்க்கும் டயர் கடைக்குப் போன் போட்டான்.

"டேய், அவசரமா ரெண்டு தம்பி வேணும்!"

வந்த இருவரில் மூத்தவன் தொலேகென். வழுக்கைத் தலை, நாற்பதைத் தாண்டிய மீசை.

"இவரு... தம்பியா?" என்றாள் அம்மா.

"வெயில்ல அலையற பிள்ளை" என்றார் ஒர்தாபாய், தேநீர்க் கிண்ணத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அம்மா பெருமூச்சு விட்டாள். கறித்தட்டைத் தொடவே இல்லை. யெர்கின் கணக்குப் போட்டான். இரண்டு போதவில்லை போலிருக்கிறது!

"இன்னும் ரெண்டு பேரு இருக்காங்கம்மா! வேலைக்குப் போயிருக்காங்க!"

"நாலா?" அம்மாவின் கிண்ணத்திலிருந்து தேநீர் சிந்தியது.

அந்த இருவரும் கிரீஸ் கையோடு வந்து சேர்ந்தார்கள். அதில் ஒருவன் பசியில் தன் வேஷத்தையே மறந்துவிட்டான். "அண்ணே, அந்தக் கறியை இப்படித் தள்ளுங்க" என்றான் ஒர்தாபாயிடம்.

"அப்பாவை அண்ணேன்னா கூப்பிடுவான்?" என்றாள் அம்மா.

"செல்லப் பிள்ளைம்மா! ஒரே செல்லம்!" என்று முந்திக்கொண்டான் யெர்கின்.

அந்த நேரம் பார்த்துக் கொல்லையிலிருந்து பெண் பிள்ளைகளின் சிரிப்பு கேட்டது. அம்மா விருட்டென்று நிமிர்ந்தாள்.

"யாரது?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க! சத்தியமா இந்த வீட்டுல உல்போல்சினைத் தவிரப் பொண்ணு வாடையே கிடையாதும்மா!"

அம்மா எழுந்தாள். பையைத் திறக்காமலே தோளில் மாட்டிக்கொண்டாள். உல்போல்சினின் கன்னத்தைத் தடவினாள்.

"தங்கமான பொண்ணு. எனக்குத்தான் குடுத்து வைக்கல" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

உல்போல்சின் யெர்கினைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அவளை இழந்துவிடுவோம் என்று தோன்றியதும் அவன் வாசலுக்குப் பாய்ந்தான். ஓடிப்போய், கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்த சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சித்தி, நாலு தம்பியும் பத்தலையா? கடையில இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க, வரச் சொல்லட்டுமா?"

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட மடையா, ஏழும் ஆம்பளையாப் பெத்து, ஆறு மருமகளும் பேரனாவே பெத்துப் போட்டு, ஒரு பேத்தி முகம் பாக்க மாட்டோமான்னு ஏங்கி, அந்தப் பேரு பலிக்காத வீட்டுப் பொண்ணாத் தேடி ஊர் ஊரா அலையறாடா உங்கம்மா!"